பாப்பா என்ன கலர்?

என் போனுக்குள் ஒரு வருஷம் முழுதாக இருக்கிறது. எந்த மாதம் வேண்டுமோ அதை எடுத்து எந்தப் படத்தின் மேலும் போர்த்திவிடுவேன். படங்களின் நிறத்தை மாற்றும் செயலியில் பழகிப் பழகி, எனக்குப் பிடித்த கலவைகளைச் சேமித்து வைத்து, அவற்றுக்கு எங்கள் பக்கத்து ஊர்களின் பெயர்களையே சூட்டியிருக்கிறேன். 'தளி பனி' போட்டால் எல்லாம் லேசாக நீலம் பூசிக்கொண்டு குளிரும். 'சூளகிரி மே மாசம்' போட்டால் வெள்ளைச் சட்டை கண்ணைக் கூச வைக்கும். 'ஊத்தங்கரை ஆடி' மேகத்தைக் கறுக்க வைக்கும். லாரிகள் வரிசை கட்டும் எல்லை ஊரின் பெயரில் 'ஜூஜுவாடி' என்று ஒன்று உண்டு. அதைப் போட்டால் படம் முழுக்க லாரிப் புகை அடித்த மாதிரி ஆகிவிடும். அதை அதிகம் தொடுவதில்லை, அங்கே நேரில் போய் நின்றாலே அந்தப் பலன் கிடைத்துவிடும்.

எல்லாவற்றிலும் என் பெருமை, ஃபிலிம் ரோல் காலத்துப் படம் மாதிரி ஆக்கும் 'பழைய ரோல்'தான். அம்மா அப்பா கல்யாண ஆல்பத்தில் இருக்கும் படங்கள் வருஷங்கள் போகப் போக ஒருவிதமாக மஞ்சளாகியிருக்கின்றன. அந்த மஞ்சளைப் பிடிக்க ஆல்பத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, செயலியில் இருக்கும் கோடுகளை இப்படியும் அப்படியும் நகர்த்திக்கொண்டே இருந்தேன். அதோடு மணல் தூவியது போலக் கொஞ்சம் புள்ளிகள், ஓரத்தில் வெளிச்சம் கசிந்த மாதிரி ஒரு சிவப்புக் கீற்று. நேற்று கேண்டீனில் எடுத்த தக்காளி சாதத்துக்கு அதைப் போட்டால், நான் பிறப்பதற்கு முன்னால் யாரோ சாப்பிட்டு முடித்த சாதம் மாதிரி இருக்கும்.

எனக்கு ஓசூரில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை. போனை வாசலிலேயே லாக்கரில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். ஷிப்ட் முழுக்க வெள்ளை விளக்குக்குக் கீழே உட்கார்ந்து, சாம்பல் நிறத் துண்டுகளைத் திருப்பித் திருப்பிக் கீறல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சாம்பலைத் தவிர வேறு நிறமே கிடையாது. வெளியே வந்து கம்பெனி பஸ்ஸில் ஜன்னல் சீட்டைப் பிடித்து போனைக் கையில் எடுத்தால் நான் பசி வந்தவன் மாதிரி ஆகிவிடுவேன். அம்மா இந்தக் காரணத்தை ஒப்புக்கொள்வதில்லை. "செல்லு நல்லாத்தான் படம் புடிக்குது. நீதான் புடிச்ச படத்தக் கெடுத்துக்கினு கெடக்கற" என்பார்.

இதனால் ஊத்தங்கரையில் ஒருமுறை கலவரமே நடந்தது. அங்கே இருக்கிற சித்தப்பா, வானத்தை நம்பி விவசாயம் பார்ப்பவர். போன புளி சீசனில் சூளகிரி மேம்பாலத்துக்கு மேலே நல்ல வெயிலில் எடுத்த படம் ஒன்றுக்கு 'ஊத்தங்கரை ஆடி' போட்டு, மழை வரப்போகிற மாதிரி கறுக்கடித்து, குடும்ப குரூப்பில் போட்டேன். சித்தப்பா அதைப் பார்த்துவிட்டு, சூளகிரியில் இவ்வளவு இருட்டிக்கொண்டு வந்தால் சாயங்காலத்துக்குள் இங்கேயும் கொட்டிவிடும் என்று, வாசலில் காயப்போட்டிருந்த புளியை எல்லாம் சித்தியோடு சேர்ந்து அள்ளி உள்ளே கொட்டினார். அன்றைக்கு ஊத்தங்கரையில் ஒரு மேகம் கூட இல்லை. சாயங்காலம் குரூப்பில் அவருடைய குரல் பதிவு வந்தது. "டேய், உன் செல்லுல பேயற மழைய உன் செல்லோட வெச்சிக்க. இனிமேட்டு நீ வெள்ளமே வந்துச்சின்னு போட்டாலும் நம்ப மாட்டேன்." அதற்குச் சித்தி பக்கத்திலிருந்து சிரித்ததும் பதிவாகியிருந்தது.

இனி அக்கா வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாமா நீள லாரி ஓட்டுகிறார். ஓசூரில் தயாராகும் புது வண்டிகளை அடுக்கி ஏற்றிக்கொண்டு வடக்கே போய் இறக்கிவிட்டு, திரும்பி வர லோடு கிடைக்கும்வரை அங்கே காத்திருந்து வருவார். ஜன்னலில் முழங்கையை ஊன்றி வருஷக்கணக்கில் ஓட்டியதில் அவருடைய வலது கையை வெயில் தின்றுவிட்டது. இடது கைக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது. கல்யாணத்தன்று மேடையில் அவர் இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டபோது, அக்கா என் காதில், "ரெண்டு ஆளோட கைய ஒட்டி வெச்ச மாதிரி இருக்குதுடா" என்றாள். நான் அந்தப் படத்தில் இரண்டு கையையும் ஒரே நிறமாக்கித் தருகிறேன் என்று சொன்னேன். அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒண்ணும் வேணாம், என் வீட்டுக்காரரு எப்படி இருக்காரோ அப்படியே இருக்கட்டும்."

தலைப்பிரசவத்துக்கு அக்கா எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். டாக்டர் சொன்ன தேதிக்கு முன்னால் ஊர் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டுத்தான் மாமா அந்த முறை வண்டி எடுத்தார். பாப்பா அந்தக் கணக்கை மதிக்கவில்லை. மாமா வடக்கே புது வண்டிகளை இறக்கிக்கொண்டிருந்தபோது, மார்கழிக் குளிரில், ஓசூர் ஆஸ்பத்திரியில் அவள் பிறந்துவிட்டாள். நான் வெளியே வந்து மாமாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். முதலில் அக்கா எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். நன்றாக இருக்கிறாள் என்றதும் மூச்சை விட்டார். அடுத்ததாக, "பாப்பா என்ன கலரு மாப்ள?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் பக்கம் 'கலரா இருக்கா' என்றால் சிவப்பாக இருக்கிறாள் என்று அர்த்தம். பெண் பிறந்தால் சொந்தக்காரர்கள் எடையைக் கேட்பதற்கு முன்னால் கேட்கிற கேள்வி அது. மாமாவுமா இப்படி என்று நினைத்துக்கொண்டு, கொஞ்சம் வெடுக்கென்று, "நல்ல சிவப்பு மாமா, போதுமா?" என்றேன்.

"அட, அதக் கேக்கலடா. நான் கண்ண மூடினா மொகம் வரணுமில்ல? கலரு தெரிஞ்சாத்தான வரும். எப்படி இருக்கா, அதச் சொல்லு."

நான் என்ன சொல்வேன்? பிறந்து கொஞ்ச நேரமே ஆன குழந்தை கத்திக் கத்திச் செக்கச்செவேலென்று இருந்தது. படம் அனுப்புகிறேன், நீங்களே பாருங்கள் என்றேன்.

அங்கே தொடங்கியது. மாமாவுக்கு லோடு கிடைக்கவில்லை. அதற்குள் அங்கே பனிமூட்டமும் பிடித்துக்கொண்டது, வண்டிகளெல்லாம் ஓரம் கட்டி நின்றுவிட்டன. அவர் ஒரு படம் அனுப்பினார்: வெறும் வெள்ளை, நடுவில் மங்கலாகச் சிவப்பாக ஒரு விளக்கு. எனக்குப் பொறாமையாகிவிட்டது. "செம லுக் மாமா! என்ன ஃபில்டர்?" என்று கேட்டேன். "ஃபில்டரா? எதுர நிக்கற லாரிடா அது. நான் இங்க வெறைச்சிப் போயிக் கெடக்கறேன்" என்று பதில் வந்தது. தளி பனிக்கு நான் பட்ட பாடெல்லாம் வீண் என்று தோன்றிய நாள் அது.

ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போவதற்கு முன் பாப்பாவை ஒரு படம் எடுப்பேன். பஸ் ஓசூர் நெரிசலைத் தாண்டுவதற்குள் அதற்கு ஒரு பருவம் பூசி அனுப்பிவிடுவேன். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த நாளில் 'சூளகிரி மே மாசம்'. குளிரில் சுருண்டு கிடந்த குழந்தை அதில் வெயில் காய்ந்துகொண்டிருந்தாள். அடுத்து 'தளி பனி'. மாமா ஒவ்வொன்றையும் பார்த்துவிட்டு, நல்லா இருக்குது மாப்ள, ஆனா ஒவ்வொரு நாளும் வேற வேற புள்ளையா இருக்குதே, என்பார். அக்கா கட்டிலில் படுத்துக்கொண்டே, "நான் பெத்தது ஒண்ணுதான், இவன் தெனம் ஒண்ணு பெத்து அனுப்பறான்" என்று சத்தமாகச் சொல்வாள், அவருக்குக் கேட்கட்டும் என்று.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நிதானமாக உட்கார்ந்து 'பழைய ரோல்' போட்டேன். பாப்பா வெள்ளைத் துண்டில் சுற்றப்பட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். மஞ்சள், மணல் புள்ளி, சிவப்புக் கீற்று எல்லாம் அமைந்து, எங்கள் அம்மாவே குழந்தையாக இருந்தபோது எடுத்த படம் மாதிரி வந்துவிட்டது. குரூப்பில் இதயமாகக் குவிந்தது. சித்தப்பா மட்டும் ஒன்றும் போடவில்லை. கொஞ்ச நேரத்தில் மாமா கூப்பிட்டார்.

"மாப்ள, பாப்பா மஞ்சளா இருக்கிறாளே?"

நான் சிரித்தேன். அது பழைய ஃபிலிம் லுக், அப்படித்தான் வரும் என்று விளக்கினேன். போன் ஸ்பீக்கரில் இருந்தது. அம்மா சமையற்கட்டிலிருந்து, குளிப்பாட்டுகிறபோது கொஞ்சம் மஞ்சள் போட்டேன், அதனால்தான் என்றார். அக்கா தன் பங்குக்கு, இந்த வீட்டு ஓனர் சுவருக்குக் கடலை மாவு கலரில் பெயின்ட் அடித்து வைத்திருக்கிறார், பல்பும் மஞ்சள், இங்கே எல்லாருமே மஞ்சளாகத்தான் இருக்கிறோம் என்றாள். ஆளுக்கு ஒரு மஞ்சள் வைத்திருந்தோம். மாமா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"இல்ல மாப்ள. நேத்து அனுப்பின படத்துலயும் மஞ்சளாத்தான் இருந்தா. நானு அதத்தான பாத்துக்கினே இருக்கறேன், வேற வேல என்ன இருக்குது இங்க."

நேற்று அனுப்பியது வேறு, மாமா, அது தளி பனி என்று சொல்ல வாயெடுத்தேன். பாதியில் நின்றுவிட்டேன். தளி பனி எதையும் நீலமாக்கும். அதில் மஞ்சள் வருவதற்கு வழியே இல்லை. அதில் மஞ்சளை இழுத்து எறிவதற்குத்தானே நான் அத்தனை நாள் உட்கார்ந்து கோடுகளை நகர்த்தினேன்!

மாமாவை லைனிலேயே இருக்கச் சொல்லிவிட்டுப் படத்தைத் திறந்தேன். புள்ளிகளை எடுத்தேன். சிவப்புக் கீற்றை எடுத்தேன். மஞ்சள் கோட்டைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவந்தேன். துண்டு வெள்ளையானது. தலையணை உறை அதன் ரோஜா நிறத்துக்குத் திரும்பியது. பாப்பா மட்டும் மஞ்சளாகவே இருந்தாள்.

எழுந்து கட்டிலுக்குப் போய்க் குனிந்து பார்த்தேன். பல்பை அணைத்தேன், ஜன்னல் திரையை விலக்கினேன். வெளியே மார்கழி மூட்டம், வெயில் இல்லை, ஆனால் வெளிச்சம் நன்றாகத்தான் இருந்தது. அக்கா மெல்ல அவள் கன்னத்தைத் தட்டினாள். பாப்பா சிணுங்கிக்கொண்டு கண்ணைத் திறந்தாள். கண்ணில் வெள்ளையாக இருக்க வேண்டிய இடமும் மஞ்சளாக இருந்தது. அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தாள். அம்மா கையைத் துடைத்துக்கொண்டே வந்து பார்த்துவிட்டு, "ஆட்டோவக் கூப்புடு" என்றார். போனில் மாமா, "என்னாச்சி? யாராச்சும் சொல்லுங்களேன், என்னாச்சி?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். குழந்தை டாக்டர் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு முதலில் உட்காரச் சொன்னார். முன்கூட்டிப் பிறந்த பல குழந்தைகளுக்கு இந்த மஞ்சள் காமாலை வரும், அளவு கொஞ்சம் ஏறியிருக்கிறது, விளக்குக்குக் கீழே வைத்தால் இறங்கிவிடும், காத்திருக்காமல் கூட்டி வந்தது நல்லது என்றார். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டார். "அவங்கப்பா பாத்து சொன்னாரு" என்றாள் அக்கா. அப்பா எங்கே என்று டாக்டர் சுற்றிலும் பார்த்தார். வடக்கே பனியில் நிற்கிறார் என்று நான் சொன்னேன்.

பாப்பாவின் அப்பா வடக்கே நொறுங்கிக்கொண்டிருந்தார். டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னேன். அவர் நம்பவில்லை. "வண்டிய இங்கயே வுட்டுட்டு ரயில் ஏறிடட்டுமா? நெசத்தச் சொல்லு மாப்ள. நான் பயப்படுவேன்னு எதையாச்சும் மூடி மறைக்காத." நான் சத்தியம் செய்தேன். என் சத்தியத்துக்கு அன்றைக்கு என்ன மதிப்பு இருக்க முடியும்? தினமும் அவருக்கு வேறு வேறு குழந்தையைக் காட்டியவன் நான். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார். "ஒரு போட்டோ அனுப்பு. ஒண்ணும் பண்ணாத. எப்படி இருக்கிறாளோ அப்படியே அனுப்பு."

நர்ஸிடம் கேட்டேன். கர்நாடகப் பக்கத்துப் பெண். "ஏனூ ஆகல்ல அண்ணா, ஒண்ணும் ஆகாது, பயப்படாதீங்க" என்று இரண்டு மொழியிலும் ஆறுதல் சொல்லி, கண்ணாடிக்கு வெளியே நின்று எடுத்துக்கொள்ளச் சொன்னாள். எட்டிப் பார்த்தேன். கண்ணுக்கு வெள்ளைப் பட்டை கட்டி, வெறும் உடம்போடு, கையைக் காலை ஆட்டிக்கொண்டு பாப்பா படுத்திருந்தாள். மேலிருந்து விழுந்த விளக்கில் அவளும் படுக்கையும் எல்லாமே நீலம். சாதாரண நீலமில்லை, சினிமாக் கொட்டகை விளம்பரப் பலகை நீலம். என் வாழ்க்கையில் எந்தப் படத்துக்கும் அப்படி ஒரு நீலம் போட எனக்குத் துணிச்சல் வந்ததில்லை. படம் எடுத்து, ஒரு கோட்டைக் கூடத் தொடாமல், மாமாவுக்கு அனுப்பினேன். பதற்றத்தில் அது குடும்ப குரூப்புக்குப் போய்விட்டது.

முதலில் வந்தது சித்தப்பாவின் குரல். "டேய்! உனக்குக் கொஞ்சமாச்சும் இருக்குதாடா? பச்சக் கொழந்தைய நீலமாக்கி, கண்ணக் கட்டி வெளாட்டு காட்டறயா? காஞ்ச நாள்ல புளிய அள்ளி உள்ள வெச்சேன், பொறுத்துக்கினேன். இதப் பொறுக்க மாட்டேன். அழி அத மொதல்ல!" அத்தை ஒருத்தர் தலையில் அடித்துக்கொள்ளும் பொம்மை போட்டார். இன்னொருவர், முந்தின மஞ்சளே தேவலை, அதையே போடு என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. என் வாழ்நாளில் ஒன்றும் செய்யாமல் அனுப்பிய ஒரே படம் அது. இது எடிட் இல்லை, ஆஸ்பத்திரி விளக்கு என்று தட்டினேன்.

அதற்குள் மாமா கூப்பிட்டுவிட்டார்.

"மாப்ள, இதுல நீ ஒண்ணும் பண்ணலையே?"

"ஒண்ணும் பண்ணல மாமா. இங்க லைட்டே இப்படித்தான்."

"தெரியும். நீ பண்ணியிருந்தா இன்னும் அழகா இருந்திருக்கும்" என்றார். பிறகு, "கைய நல்லா ஆட்டறா போல. வெரலு அசைஞ்சி மங்கலா வுழுந்திருக்குது பாரு" என்றார். குரலில் கொஞ்சம் தெம்பு வந்திருந்தது. ரயில் பேச்சை அதற்குப்பின் எடுக்கவில்லை.

விளக்கு தன் வேலையைச் செய்தது. மஞ்சள் காலிலிருந்து விலகி, வயிற்றிலிருந்து விலகி, கடைசியில் நெற்றியைவிட்டும் போனது. வீட்டுக்கு வந்ததும் அம்மா மஞ்சள் டப்பாவை மேல் அலமாரிக்கு ஏற்றிவிட்டார். அக்கா வீட்டு ஓனரிடம் சண்டை போட்டுப் பல்பை வெள்ளையாக மாற்ற வைத்தாள். நான் மாமாவுக்கு வெறும் படங்களை அனுப்பினேன். ஒவ்வொன்றையும் எடுத்த பிறகு விரல் தானாகச் செயலிப் பக்கம் போகும், இழுத்துப் பிடித்துக்கொள்வேன். டீயை விட்டவன் நாலு மணிக்குத் தவிப்பது மாதிரி இருந்தது.

பொங்கல் முடிந்தபின் வடக்கே பனி விலகி, மாமாவுக்கு லோடும் கிடைத்தது. வண்டியை சூளகிரியில் விட்டுவிட்டு பஸ் ஏறி, நல்ல மத்தியான வெயிலில் வந்து சேர்ந்தார். தாடியும் அழுக்குமாக இருந்தார். குளித்துவிட்டு வந்தால்தான் குழந்தையைத் தருவேன் என்று அம்மா வாசலிலேயே மறித்தார். குளித்துவிட்டு, ஈரத் தலையோடு ஓடி வந்து கையை நீட்டினார். அக்கா பாப்பாவைக் கொடுத்தாள். அவர் அறைக்குள் நிற்கவில்லை. நேராக வாசலுக்குப் போய், கூரை நிழல் முடிகிற இடத்தில் நின்று, நல்ல வெளிச்சத்தில் அவளைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். நெற்றியை, காது மடலை, உள்ளங்காலைப் பார்த்தார்.

"இதான் கலரா?" என்றார்.

"இதான் மாமா. ஒண்ணும் பண்ணல" என்றேன்.

"இதுக்கு என்னா பேரு மாப்ள? நீதான் எல்லாத்துக்கும் பேரு வெச்சிருப்பியே."

சிவப்பில்லை, மாநிறம் என்றால் அதுவும் முழுசாகச் சரியில்லை. ஊர்ப் பெயர் எதுவும் பொருந்தவில்லை. அதற்குள் மாமா பாப்பாவை வலது கைக்கு மாற்றினார். வெயில் தின்ற கரிய கையின்மேல் அவள் கால் தனியாகத் தெரிந்தது. மறுபடி இடது கைக்கு மாற்றினார். அந்தக் கையில் அவள் காலை வைத்ததும், கை எங்கே முடிகிறது, கால் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. அவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, துடைக்கக் கை இல்லை. அக்கா தன் முந்தானையால் துடைத்துவிட்டாள்.

அப்போது ஒரு படம் எடுத்தேன். வெயில் கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது, ஓரத்தில் என் விரல் விழுந்திருக்கிறது. அதை அப்படியே வைத்திருக்கிறேன்.

அன்று சாயங்காலம் சித்தப்பா போன் செய்தார். என்னிடம் பேசவில்லை, மாமாவிடம் கொடுக்கச் சொன்னார். "மாப்ள, இவன் அனுப்பறத நம்பி ஏமாந்தாச்சி. நீங்க நேர்ல பாத்தவரு, நீங்க சொல்லுங்க. பாப்பா என்ன கலரு?"

மாமா சிரித்தார். தோளில் தூங்கிக்கொண்டிருந்தவளை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார்.

"என் எடது கை கலரு" என்றார்.